கடிதம் படித்துக் கொடுக்கும் பிள்ளைகள்

பிரஸ்ஸல்ஸில் வந்த அலுவல் முடிந்தும் உடனே ஊர் திரும்ப மனமில்லை. இந்நகரின் ஒரு பகுதியான மோலன்பேக்கின் பெயர் 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு எனக்கு அறிமுகமானது. அன்று வந்த செய்திகளில் அந்தப் பகுதியின் மொராக்கோ வம்சாவளி இளைஞர்கள் சந்தேகத்துக்குரியவர்களாக மட்டுமே வந்துபோனார்கள். அவர்கள் காலையில் எழுந்து எங்கே போகிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள், அம்மாவோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்க்கத்தான் தங்கினேன். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு பிரஸ்ஸல்ஸில் கைகொடுத்தது. ஆன்ட்வெர்ப்பிலும் ராட்டர்டாமிலும் ஆங்கிலத்தில் சமாளித்தேன். அன்றன்று இரவு எழுதியவை இவை. சந்தித்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை விட்டுவிட்டேன்.

2023 நவம்பர் 17, வெள்ளி: மோலன்பேக்

காலையிலிருந்தே மழை. மெட்ரோ நிலையத்தை விட்டு மேலே வந்தால் கல் பாவிய தெரு. பத்தடி நடப்பதற்குள் பெட்டியின் சக்கரம் கழன்று உருண்டது. ஷோசே தெ கான் கடைத்தெருவில் கைபேசி பழுது பார்க்கும் கடையிலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்தான். பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். இருபத்துநாலு வயது இருக்கும். "மழை நிற்கும்வரை உட்காருங்கள் ஐயா" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கைபேசி கொண்டு வரவில்லை. காகிதம் கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டி மருத்துவமனைக் கட்டணச் சீட்டை நீட்டினார். அவர் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, சீட்டைப் படித்து, எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அவர் மொழியில் சொல்லி அனுப்பினான். அடுத்து வந்தவருக்கு வாடகை வீட்டு மின்கணக்கில் ஏதோ குழப்பம். மூன்றாமவருக்கு 'இட்ஸ்மீ' செயலியில் ரகசிய எண் மறந்துவிட்டது. பெல்ஜியத்தில் வரி, ஓய்வூதியம், வங்கி என்று பலவற்றைத் திறக்க அந்தச் செயலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். யாரிடமும் அவன் காசு வாங்கவில்லை.

"எட்டு வயதிலிருந்து நான் எங்கள் வீட்டுக் குமாஸ்தா. என் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றிப் புகார் எழுதி அனுப்பிய கடிதத்தையும் அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்."

"உள்ளதை உள்ளபடியே படித்தாயா?"

"அந்த ஒரு கடிதத்தில் மட்டும் கொஞ்சம் சுருக்கினேன்."

ஏன் இத்தனை பேருக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அதன்பின் இத்தாலி ஆள் அனுப்பத் தயங்கியது. சுரங்கத்துக்கு வேறு கைகள் தேடிய பெல்ஜியம் 1964 பிப்ரவரி 17 அன்று மொராக்கோவோடு ஒப்பந்தம் போட்டது. அப்படி வந்தவர்களில் பெரும்பகுதி மொராக்கோவின் வடக்கே ரிஃப் மலைப்பகுதிக்காரர்கள். அங்கே 1956 வரை ஆண்டது ஸ்பெயின். ஆகவே மலைக்காரர்களுக்குத் தாய்மொழியான தரிஃபித் தெரியும். பிரெஞ்சு பழக வாய்ப்பே இருந்ததில்லை. வந்து இறங்கிய நாட்டிலோ எல்லாம் பிரெஞ்சிலும் டச்சிலும் நடந்தன. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்து பெல்ஜியம் அன்று ஒரு கையேடே அச்சிட்டது. இவன் தாத்தாவால் அதைப் படிக்க முடிந்திருக்காது. லிம்பர்க் சுரங்கத்தில் சில ஆண்டுகள் கரி வெட்டிவிட்டு, பிறகு பிரஸ்ஸல்ஸ் மெட்ரோவுக்காக மண் தோண்ட வந்திருக்கிறார். அவர் தோண்டிய வழியில்தான் காலையில் நான் வந்தேனோ என்னவோ.

சக்கரத்துக்குப் பணம் கொடுத்தபோது கோபப்பட்டான். தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய உணவகத்தைக் காட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ் சாப்பிடாமல் போகாதீர்கள்" என்றான். 13 யூரோ. ஆவியில் வேகவைத்த மணிமணியான கோதுமை ரவைக்கு மேல் பூசணி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி. குழம்பு தனிக் கிண்ணத்தில் வந்தது. நம் நாக்குக்குக் காரம் போதாது; ஆனால் பூசணியின் இனிப்பும் இறைச்சிச் சாறும் ரவைக்குள் இறங்கியிருந்த பக்குவத்தை இப்போது நினைத்தாலும் பசிக்கிறது.

நவம்பர் 18, சனி: மோலன்பேக்

கைபேசிக் கடைக்காரனின் நண்பன் கணக்கியல் படிக்கிறான். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் மையத்துக்கு என்னை அழைத்துப் போனான். பிரஸ்ஸல்ஸில் இப்படிப்பட்ட மையங்கள் பல பகுதிகளில் இருக்கின்றன. பத்து வயதுப் பையன்கள் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் ஒவ்வொருவன் பக்கத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விடையைச் சொல்லாமல், பையனே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். நல்ல ஆசிரியனுக்குரிய பொறுமை அது.

வெளியே வந்ததும் வேலை பற்றிப் பேசினோம். மோலன்பேக்கின் அஞ்சல் எண் 1080. விண்ணப்பத்தில் அந்த எண்ணைப் போட வேண்டாம் என்று மூத்தவர்கள் இவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சிலர் அத்தை வீட்டு முகவரியைப் போடுகிறார்களாம். 2018 முதல் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத் தொழில் ஆய்வாளர்கள் பொய் விண்ணப்பங்களை அனுப்பி நிறுவனங்களைச் சோதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பாகுபாடு இருக்கிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதால்தானே அப்படி ஒரு சட்டம்! இவன் சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என் பெயரையும் முகவரியையும் அப்படியேதான் போடுகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் அது எனக்கும் தெரிய வேண்டும்" என்றான்.

கால்வாய்ப் பாலத்தருகே இரண்டு போலீஸ்காரர்கள் அவனை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். இங்கே 15 வயதுக்கு மேல் எல்லோரும் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அக்டோபர் 16 அன்று கால்பந்து பார்க்க வந்த இரண்டு ஸ்வீடன்காரர்களைத் துனிசிய நாட்டவன் ஒருவன் இதே நகரில் சுட்டுக் கொன்றிருந்தான். நகரம் இன்னும் பதற்றத்தில் இருந்தது. அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அருகில் நின்ற என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்டில் அன்னியன் நான். அங்கேயே பிறந்தவன் அவன். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கொஞ்சம் முன்பு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். எனக்குத்தான் வெகுநேரம் மனம் ஆறவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு: மிடி சந்தை

தென் ரயில் நிலையத்தை ஒட்டி ஞாயிறுதோறும் கூடும் சந்தை. மழையும் காற்றும் கூடாரத் துணிகளைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் கூட்டம். ஆலிவ் மட்டுமே எத்தனை விதம்: பச்சை, கறுப்பு, ஊதா, எலுமிச்சையில் ஊறியது, மிளகாய் சேர்த்தது. நவம்பர் என்பதால் மொராக்கோவிலிருந்து கமலாப்பழம் மலைமலையாக வந்திருந்தது.

மஸேமன் என்ற ரொட்டிக்கு நீண்ட வரிசை. மாவை எண்ணெய் தடவிக் காகிதம்போல இழுத்து, சதுரமாக மடித்துக் கல்லில் போடுகிறார்கள். நம் வீச்சுப் பரோட்டா போடுகிற கை லாகவமேதான். உள்ளே பாலாடைக்கட்டியும் தேனும். 5 யூரோ. கூடவே ஒரு கோப்பை புதினாத் தேநீர். விரல் நுனி மரத்துப்போயிருந்த குளிரில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

பழக்கடையில் நின்ற பையனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. விடியற்காலை நாலரைக்கே வந்துவிட்டானாம். வாரநாளில் ஒரு கிடங்கில் வேலை; ஞாயிறு இங்கே மாமாவுக்கு உதவி. செப்டம்பர் 8 அன்று மொராக்கோவின் அல் ஹவுஸ் மலைப்பகுதியை 6.8 அளவு நிலநடுக்கம் தாக்கி ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டார்கள். இதே கடைக்காரர்கள் போர்வையும் கூடாரமும் திரட்டி வேனில் ஏற்றினார்கள். இவனும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். "எங்கள் குடும்பம் வடக்கே, நடுக்கம் தெற்கே. அந்த மலைக்கு நான் அதற்குமுன் போனதே இல்லை" என்றான். திரும்பி வந்த மறுநாளே கிடங்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததாம். நான் இரண்டு கிலோ கமலாப்பழம் கேட்டால் மூன்று கிலோவுக்கு மேல் போட்டான்.

நவம்பர் 20, திங்கள்: போர்கர்ஹவுட், ஆன்ட்வெர்ப்

டர்ன்ஹவுட்செபான் நீளமான கடைத்தெரு. மொழி மாறிவிட்டது, இங்கே டச்சு. திங்கள் என்பதால் பாதிக் கடைகளுக்கு விடுமுறை. ஈரத்தில் காலணி ஊறிப்போய் இரண்டு நாளாக நடக்கிறேன் என்பதால் சூடாக ஓரிடத்தில் உட்கார வேண்டும் என்று திறந்திருந்த முடிதிருத்தகத்தில் நுழைந்தேன். 15 யூரோ. அதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரமும் அக்கறையும் மிக அதிகம்.

முடிதிருத்துகிறவனுக்கு இருபத்தேழு வயது. சின்ன வயதில் விமானம் பழுதுபார்க்கும் படிப்புப் படிக்க ஆசை. பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியான ஃபிளாண்டர்ஸின் பள்ளி அமைப்பு பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பிள்ளைகளைப் பொதுப்பாடம், தொழில்நுட்பம், தொழில் என்று படிகளாகப் பிரிக்கிறது. மேல்படியில் தடுக்கினால் கீழ்ப்படி. மறுபடி ஏறுகிறவர்கள் மிகக் குறைவு. இவன் மேலே தொடங்கி இரண்டு ஆண்டில் கடைசிப் படிக்கு வந்துவிட்டான். "கணக்கு எனக்கு வந்தது. டச்சுக் கட்டுரைதான் வரவில்லை. வீட்டில் அம்மாவின் மொழி, தெருவில் எங்கள் மொழி, பள்ளியில் அவர்கள் மொழி. எனக்குக் கொஞ்ச காலம் கொடுத்திருந்தால் வந்திருக்கும்." இதைச் சொல்லும்போது அவன் கத்தரி நிற்கவே இல்லை.

பிறகு அவனே துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ஏறக்குறைய 110 டன் கொக்கெய்ன் பிடிபட்டது. கொள்கலனிலிருந்து பொட்டலத்தை வெளியே எடுத்துவர இளம் பையன்களைப் பிடிக்கிறார்கள்; ஓர் இரவுக்குத் தருகிற பணம் இவனுடைய பல மாத வருமானம். இவன் வகுப்பில் படித்தவன் ஒருவன் சிறையில் இருக்கிறான். அவனுடைய அம்மாவுக்குச் சிறையிலிருந்து வரும் தாள்களைப் படித்துச் சொல்வது இவன்தான். சந்திப்பு நேரம், என்ன கொண்டு போகலாம், என்ன கூடாது. "அவன் செய்தது தப்பு. அதை அவனிடமே சொன்னேன். ஆனால் அவன் அம்மா என்ன தப்புச் செய்தார்?" என்றான். இந்த இளைஞர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அதைப் பற்றி மட்டுமே எழுதுவதும் ஆகாது.

அடுத்து ராட்டர்டாம் என்றதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அங்கிருக்கும் தன் சின்னம்மாவை அழைத்தான். ரிஃப் குடும்பங்கள் இப்படித்தான். அண்ணன் பெல்ஜியத்தில், தங்கை நெதர்லாந்தில், மாமா பிரான்சில். சின்னம்மா மறுமுனையில் சத்தமாக ஏதோ சொன்னார். "நாளை இரவு நீங்கள் அங்கே சாப்பிடுகிறீர்கள். மறுக்க வழியில்லை" என்று சிரித்தான்.

நவம்பர் 21, செவ்வாய்: ராட்டர்டாம்

எல்லை தாண்டி ரோசண்டாலில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் கோளாறு என்று ஒலிபெருக்கியில் டச்சில் சொன்னார்கள். பிறகு ஒரு பேச்சும் இல்லை. நடைமேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊதற்காற்று. எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று எனக்கு விளக்கியதும், என் கமலாப்பழத்தில் பாதியைத் தின்று தீர்த்ததும் ஒரு கல்லூரி மாணவிக் கூட்டம்.

தெற்கு ராட்டர்டாம், ஆஃப்ரிகாண்டர்வைக் பகுதி. வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள். மகளுக்குத் திருமணமாகி வேறு ஊர். அப்பா துறைமுகத்தில் உழைத்து முதுகு போனவர், அதிகம் பேசவில்லை. மூத்தவனுக்கு இருபத்தைந்து, கிடங்கில் இரவு வேலை. இளையவனுக்கு இருபத்திரண்டு, மின்தொழில் படிக்கிறான். ஹரீரா சூப்பும் பேரீச்சையும் முதலில் வந்தன. பிறகு கோழி, ஊறுகாய் எலுமிச்சை, ஆலிவ் எல்லாம் ஒரே தட்டில், நடுவில் வைத்து எல்லோரும் ரொட்டியால் எடுத்துச் சாப்பிட்டோம். நல்ல இறைச்சித் துண்டுகளை அம்மா என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

படிப்பு எப்படி என்று கேட்டேன். டிப்ளமோ வாங்க ஒரு நிறுவனத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இளையவன் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை. அவனைவிட மதிப்பெண் குறைந்த, டச்சுப் பெயருள்ள வகுப்புத் தோழனுக்கு முதல் வாரமே கிடைத்தது. மின்பணியாளர்கள் போதவில்லை என்று நாடே புலம்புகிற காலத்தில் இந்தக் கூத்து. இந்தப் பயிற்சிப் பாகுபாட்டை ஒழிப்போம் என்று 2023 பிப்ரவரியில்தான் அரசும் கல்வி நிலையங்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கடைசியில் இவனுக்குப் பயிற்சி இடம் கொடுத்தது ஒரு சுரினாம்காரரின் சிறிய நிறுவனம்.

சாப்பிட்டதும் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனார்கள். தான்சானியாவுக்கு எதிராக மொராக்கோ ஆடிய உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதி ஆட்டம். கடை முழுவதும் ஆண்கள், புகை, புதினா வாசம். ஹக்கிம் ஸியேஷ் கோல் அடித்ததும் மேசைகள் குலுங்கின. ஸியேஷ் பிறந்தது நெதர்லாந்தின் ட்ரோன்டனில். 2022 கத்தார் உலகக் கோப்பையில் நாலாம் இடம் வந்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். மொராக்கோ 2-0 என்று வென்றது. திரும்பும் வழியில் மூத்தவன் கப்சலோன் வாங்கித் தந்தான். உருளை வறுவல், ஷவர்மா, உருகிய கௌடா பாலாடைக்கட்டி, மேலே கீரை இலை, பூண்டுச் சாறு, சம்பல். இதே ஊரின் முடிதிருத்துநர் ஒருவர் சொல்லிச் செய்யவைத்த உணவு. வயிறு நிறைந்திருந்தும் தீர்த்துவிட்டேன்.

நவம்பர் 22, புதன்: ராட்டர்டாம்

நெதர்லாந்தில் நாடாளுமன்றத் தேர்தல். வாக்காளர் சீட்டு அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. காலையில் இளையவன் நாலு சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, அம்மாவுக்குக் கட்சிகளை விளக்கிக்கொண்டிருந்தான். வாக்குத்தாள் சிறிய மேசையை மூடும் அளவு பெரியது. சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். சாவடிக்குள் துணைக்குப் போக முடியாது என்பதால் அம்மா வட்டம் எங்கே இருக்கும் என்று விரலால் அளந்து பழகினார்.

மேசை இழுப்பறையில் நீல உறைகள் கட்டுக்கட்டாக இருந்தன. டச்சு வரித்துறையின் உறை நீல நிறம். அந்த நிறத்தைப் பார்த்தாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்குமாம். காரணமில்லாமல் இல்லை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரை அநியாயமாகக் குற்றம் சாட்டி, பல ஆயிரம் யூரோக்களைத் திருப்பிக் கேட்டார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைக் கூடுதலாகத் துருவியதும் வெளியே வந்தது. மொராக்கோக் குடியுரிமையை நடைமுறையில் துறக்கவே முடியாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் ருட்டேயின் அமைச்சரவை இதற்காகப் பதவி விலகியது. ஓர் உறையைக் காட்டி இளையவன் சொன்னான்: "பன்னிரண்டு வயதில் ஒரு தேதியைத் தவறாகப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்." பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுமக்கிற பாரமா இது? இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றில் என்னை உலுக்கிய வாக்கியம் இதுதான்.

புதன் என்பதால் ஆஃப்ரிகாண்டர் சந்தையும் இருந்தது. வாக்குப் போட்டுவிட்டு அம்மா கொத்துமல்லி பேரம் பேசினார். அப்பா மேயர் அபுதாலிபைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னார். 1961-இல் ரிஃப் மலையில் பிறந்து, பதினைந்து வயதில் இங்கே வந்து, 2009-இல் இந்த நகரின் மேயரானவர். மூத்தவனுக்கு உடன்பாடில்லை. 2015 ஜனவரியில், பாரிஸ் பத்திரிகை அலுவலகத் தாக்குதலுக்குப் பிறகு, இங்குள்ள சுதந்திரம் பிடிக்காதவர்கள் மூட்டையைக் கட்டலாம் என்று அபுதாலிப் தொலைக்காட்சியில் கடுமையாகச் சொன்னதை அவன் மறக்கவில்லை. "யாரோ சுட்டதற்கு நான் ஏன் மூட்டையைப் பார்க்க வேண்டும்?" அப்பா பதில் சொல்லாமல் கொத்துமல்லியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து கணிப்பு வந்தது. தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸின் கட்சி முதலிடம். எண்ணி முடித்தபோது 150-இல் 37 இடங்கள். 2014 மார்ச் 19 அன்று மேடையில் நின்று, மொராக்கோக்காரர்கள் அதிகம் வேண்டுமா குறைய வேண்டுமா என்று கேட்டு, கூட்டத்தைக் 'குறைய, குறைய' என்று கத்தவைத்தவர் அவர். அதற்காக ஓர் இனக்குழுவை இழிவுபடுத்திய குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தண்டனை எதுவும் இல்லை. அந்த மார்ச் மாதத்தில் இளையவனுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் யாரும் அழவில்லை, கத்தவில்லை. அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தார். மூத்தவனுக்கு இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 23, வியாழன்: ராட்டர்டாம்

விடைபெறப் போனேன். மூத்தவன் வேலை முடிந்து வந்திருந்தான், இன்னும் தூங்கவில்லை. கிடங்கில் கூட வேலை செய்கிற போலந்துக்காரன் தோளில் தட்டி "நாளைக்கு எனக்கும் இதுதான்" என்றானாம். மேற்பார்வையாளர் தேர்தல் முடிவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்தவீட்டு டச்சுப் பாட்டி காலையிலேயே ஆப்பிள் கேக்கோடு வந்து, "நான் வில்டர்ஸுக்கு ஓட்டுப் போடவில்லை" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டுப் போயிருந்தார். கேக் மேசையில் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம். மூத்தவனுக்கு இந்த நாடு போதும். மொராக்கோவின் தான்ஜியர் நகரில் கார் உதிரிபாகக் கடை போட வேண்டும். இளையவன் எழுந்துவிட்டான். "தான்ஜியரில் உன் பேச்சைக் கேட்டதும் வெளிநாட்டுக்காரன் என்று விலையை இரண்டு மடங்காகச் சொல்வான். ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறாயே. நான் எங்கும் போகமாட்டேன். ஜூலையில் டிப்ளமோ வாங்குகிறேன். இந்தத் தெருவிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்குகிறேன். எங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவன் வீட்டிலும் விளக்கு எரியாவிட்டால் என்னைத்தான் கூப்பிட வேண்டும்." மூத்தவன் தலையை ஆட்டினான், ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிந்தது. ஆனால் மனம் இளையவனோடு போனது.

அம்மா நடுவில் வந்தார். கடையும் தொழிலும் பிறகு, முதலில் கோடைக் கப்பலுக்கு இடம் பிடியுங்கள் என்றார். ஜூலைக் கடைசியில் காரில் பிரான்ஸ், ஸ்பெயின் வழியாக அல்மேரியா வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து மொராக்கோவின் நதோருக்குக் கப்பல். தாமதித்தால் விலை ஏறிவிடும். போன ஆண்டு மூத்தவன் தள்ளிப்போட்டதால் நூற்றுக்கணக்கான யூரோ கூடுதலாகக் கட்டினார்களாம். அந்தக் கணக்கை அவர் மறக்கவில்லை. இளையவன் மடிக்கணினியைத் திறந்தான், மூத்தவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். நாலு பேர், ஒரு கார், கூரைமேல் மூட்டைகள், உயரம் எவ்வளவு என்று கேட்டது இணையப் பக்கம். அதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு.